பெயோட்டே கள்ளி யாருடையது?

கார்முகில்:
2019இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் நகர மன்றம், மனமயக்கத் தாவரம் வைத்திருப்பவரைப் பிடிப்பதைக் காவல்துறையின் கடைசி வேலையாக்கியது. பெயோட்டே கள்ளியும் அதில் சேர்த்தி. மறு வருடமே, பெயோட்டேவைச் சடங்கில் உண்ணும் அமெரிக்கப் பூர்வகுடித் திருச்சபைகளின் தேசிய மன்றம், இப்படிப்பட்ட பட்டியல்களில் பெயோட்டேவைச் சேர்க்க வேண்டாம் என்றது. எனக்கு ஒப்பவில்லை. மண்ணில் முளைக்கும் செடி ஒருவருக்கு வழிபாடு, இன்னொருவருக்குச் சிறை என்றால் என்ன நியாயம்?

செங்காந்தள்:
பெயோட்டேவை வழிபாட்டில் உண்ணும் உரிமை பூர்வகுடிகளுக்குச் சும்மா வரவில்லை நண்பரே. 1918இலேயே ஓக்லஹோமாவில் திருச்சபையாகப் பதிவு செய்தார்கள். அப்புறமும், சடங்கில் பெயோட்டே உண்டு வேலையிழந்த ஆல்ஃபிரட் ஸ்மித்துக்கு உதவித்தொகையைக்கூட மறுக்கலாம் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1994 சட்டத்திருத்தத்தில்தான் நாடு முழுக்கப் பாதுகாப்பு கிடைத்தது.

செடியையும் பாருங்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் டெக்சாஸின் தென்பகுதியில்தான் காட்டுச்செடியாக இருக்கிறது. முள் இல்லாத, மண்ணோடு படுத்திருக்கும் சாம்பல்பச்சை உருண்டை. விதையிலிருந்து தேற பத்து வருடத்துக்கு மேல் ஆகும். விவரம் தெரிந்தவர் தலையை மட்டும் தரைமட்டத்தில் சீவி எடுப்பார், வேர் மறுபடி துளிர்க்கும். அவசரக்காரர் வேரோடு பிடுங்குவார். அத்தோடு போச்சு.

கார்முகில்:
அரிது என்றால் நட்டு வளர்க்கலாமே! தடைதான் திருட்டுச் சந்தையை வளர்க்கிறது. மனம் நொந்து ஆறுதல் தேடி வருகிறவர்களுக்கும் கதவை அடைப்பதா?

செங்காந்தள்:
தேடட்டும். பெயோட்டேவில் உள்ள மனமயக்கப் பொருளான மெஸ்கலின்தான் வேண்டும் என்றால் அதை 1919இலேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார்கள். ஆண்டீஸ் மலையின் சான் பெட்ரோ கள்ளியிலும் இருக்கிறது, அது மளமளவென்று வளரும். பெயோட்டேதான் வேண்டும் என்ற பிடிவாதம் ஏன்? மெக்சிகோவின் உவாட்லா ஊரில் 1955இல் கார்டன் வாசன் என்ற அமெரிக்கரை மரியா சபீனா என்ற வைத்தியப் பெண்மணி நம்பித் தன் மனமயக்கக் காளான் சடங்கில் உட்காரவைத்தார். 1957இல் லைஃப் இதழில் வாசனின் கட்டுரை வந்தது. வெளியூர்க் கூட்டம் குவிந்தது, பின்னாலேயே போலீஸ். மரியா சபீனாவின் வீடே கொளுத்தப்பட்டது. நினைத்தாலே வலிக்கிறது.

நெய்தல்:
இருவரும் நிலத்தை விட்டுவிட்டீர்கள். மெக்சிகோவின் விக்சாரிகா மக்கள் விரிகுட்டா பாலைக்கு யாத்திரை போவார்கள். முதலில் கண்ணில் படும் பெயோட்டேவை மானாகக் கருதி அம்பு எய்த பிறகுதான் எடுப்பார்கள். அந்த மண்ணில் வெள்ளிச் சுரங்கத்துக்கு அனுமதி கொடுத்தபோது நீதிமன்றம் ஏறினார்கள். டெக்சாஸிலோ மேய்ச்சலுக்காகப் புதர்க்காட்டை வேரோடு உழுது புரட்டுகிறார்கள்.

கார்முகில்:
சரி, காட்டுப் பெயோட்டேவைத் தொடக்கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் வீட்டுத் தொட்டியில் விதை போட்டு வளர்ப்பவரைச் சிறையில் போட்டால் எந்தச் செடி பிழைக்கும்? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.