அத்தையின் கேள்வியும் மாமாவின் மாத்திரையும்

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

அத்தை, மாலை 6:42
எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்து இன்றோடு மூன்று மாதம். மாடிப்படி ஏறி இறங்குகிறார், மூச்சு வாங்கவில்லை. ஒரு நாள் விடாமல் வேண்டிக்கொண்டது வீண் போகவில்லை.

அத்தை, 6:44
இனிமேல் அந்த ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று தோன்றுகிறது. குணமான பிறகும் போட்டுக்கொண்டே இருந்தால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகாதா?

அக்கா, 6:45
அத்தை, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். இன்று ராத்திரி மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

அக்கா, 6:49
ஸ்டென்ட் என்பது ரத்தக் குழாய்க்குள் வைத்த சின்ன உலோக வலை. அதன்மேல் உடம்பு தன் படலத்தை வளர்த்து மூடும்வரை ரத்தம் அதில் பட்டு உறையப் பார்க்கும். உறைந்து அடைத்தால் மாரடைப்பு. வார்டில் பார்த்திருக்கிறேன் அத்தை. முந்தின நாள்வரை நன்றாக நடந்தவர்கள்தான். எத்தனை மாதம் போட வேண்டும் என்பதை மாமாவின் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தம்பி, 6:55
வேண்டுதலால் குணமாகுமா என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள் அத்தை. அமெரிக்காவில் 6 மருத்துவமனைகள், 1,802 பைபாஸ் நோயாளிகள், 2006-ல் முடிவு வெளிவந்தது. தமக்காக யாராவது ஜெபிக்கிறார்களா என்று நிச்சயமாகத் தெரியாத இரண்டு பிரிவுகளில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, மற்றவர்களில் 51 சதவீதம். உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம் என்று சொல்லப்பட்ட மூன்றாவது பிரிவில் 59.

அத்தை, 6:56
சரி.

நான், 7:04
தம்பி, எண்கள் சரியாகவே இருக்கட்டும். அன்றைக்கு ஆஞ்சியோ அறை வாசலில் அத்தை பக்கத்தில் நான்தான் இருந்தேன். மாமாவின் கைக்கடிகாரத்தைக் கழற்றி அத்தையிடம் கொடுத்திருந்தார்கள். அதை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததில் பட்டையின் கொக்கி உள்ளங்கையில் பதிந்து சிவந்துபோயிருந்தது. அது வலித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

அத்தை, 7:10
எதையும் நிரூபிக்க நான் அங்கே வேண்டவில்லை கண்ணா. வேண்டியதால்தான் எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருக்க முடிந்தது.

அத்தை, 7:12
தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்த நோயாளிகளுக்காக யார் வேண்டினார்கள்? அவர்களை முன்னே பின்னே தெரிந்தவர்களா?

தம்பி, 7:15
இல்லை அத்தை. மூன்று கிறிஸ்தவக் குழுவினர். நோயாளியின் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் கொடுத்திருந்தார்கள். 14 நாள் ஜெபித்தார்கள்.

அத்தை, 7:17
அப்படியானால் அது என் வேண்டுதல் இல்லை. முகம் தெரியாத ஒருவருக்காகக் கேட்பதும், முப்பத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவருக்காகக் கேட்பதும் ஒன்றா?

தம்பி, 7:20
நியாயமான கேள்விதான். வீட்டு ஆட்கள் ஜெபிப்பதை அந்த ஆய்வில் யாரும் தடுக்கவும் இல்லை. மூன்று பிரிவிலும் அது நடந்திருக்கும். அதனால் உங்கள் வேண்டுதலைப் பற்றி அந்த ஆய்வால் ஒன்றும் சொல்ல முடியாது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடுங்கள்.

பெரியப்பா, 7:31
எல்லாவற்றையும் படித்தேன். எல்லோரும் இருக்கிறீர்களா? 2, 4, 6. இந்த மூன்று எண்களும் என் மனதில் இருக்கும் ஒரு விதிப்படி வருகின்றன. நீங்கள் மூன்று மூன்று எண்ணாகச் சொல்லுங்கள். விதிக்குள் வருமா, வராதா என்று மட்டும் சொல்கிறேன். விதி என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும்.

தம்பி, 7:32
8, 10, 12

பெரியப்பா, 7:32
வரும்.

நான், 7:33
100, 102, 104

பெரியப்பா, 7:33
வரும்.

தம்பி, 7:33
இரண்டிரண்டாகக் கூடும் இரட்டைப்படை எண்கள்.

பெரியப்பா, 7:34
இல்லை.

அத்தை, 7:37
அண்ணா, 9, 5, 3?

பெரியப்பா, 7:37
வராது.

அத்தை, 7:38
3, 5, 50?

பெரியப்பா, 7:38
வரும்.

அத்தை, 7:39
ஒன்றைவிட அடுத்தது பெரிதாக இருந்தால் போதும். அவ்வளவுதானா?

பெரியப்பா, 7:45
அவ்வளவேதான். 1960-ல் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் இதை ஆட்களிடம் கொடுத்துப் பார்த்தார். பெரும்பாலானோர் தம்பி சொன்ன மாதிரி முதலில் தப்பாகத்தான் சொன்னார்கள். மனதில் ஒரு விதியை வைத்துக்கொண்டு, அதற்கு ஆமாம் வரும் எண்களாகவே கேட்டார்கள். தங்கச்சி, உனக்கு 'வராது' என்று ஒரு பதில் கிடைத்த பிறகுதான் வழி தெரிந்தது, கவனித்தாயா?

பெரியப்பா, 7:48
இப்போது ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த ஆய்வில் ஜெபிக்கப்பட்டவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று முடிவு வந்திருந்தால், வேண்டியவர்களுக்கு முகம் தெரியுமா என்று கேட்டிருப்பாயா?

அத்தை, 7:57
கேட்டிருக்க மாட்டேன் அண்ணா. எல்லாக் குழுவுக்கும் அனுப்பியிருப்பேன்.

பெரியப்பா, 7:59
தம்பிக்கும் அதையேதான் சொல்கிறேன். முடிவு உன் பக்கம் வந்ததால், யார் வேண்டினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டாய்.

தம்பி, 8:01
ஆமாம் பெரியப்பா. ஆனாலும் கண்ணால் பார்த்ததை நம்புவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

பெரியப்பா, 8:09
அந்த 1,802 பேரை நீ பார்த்தாயா? படித்தாய். ஒரு விஷயத்தை அறிய நம் பழைய தருக்கத்தில் காண்டல் (நேரில் பார்ப்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்லிக் கேட்பது) என்று வழிகள் சொல்வார்கள். கடவுளும் மறுமையும் இல்லை என்ற உலகாயதர் காண்டலை மட்டும் ஏற்றார்கள். பௌத்தர் கருதலையும் சேர்த்துக்கொண்டார்கள். சைவ சித்தாந்திகள் உரையையும் ஏற்றார்கள். உனக்கும் எனக்கும் தெரிந்ததில் முக்கால்வாசி உரைதான். அதனால் சொல்கிறவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. விஷயம் தெரிந்தவரா, பொய் சொல்லக் காரணம் உண்டா, தப்பாகச் சொன்னால் இன்னொருவர் கண்டுபிடிக்க முடியுமா? மாத்திரையைப் பற்றி டாக்டர் சொன்னது இந்த மூன்றிலும் தேறும்.

அத்தை, 8:12
என் வேண்டுதல் எதில் சேரும்?

பெரியப்பா, 8:21
எதிலாவது சேர்க்கத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன். ழார்ஜ் லெமேத்ர் என்று ஒரு பாதிரியார். இயற்பியலாளரும்கூட. பிரபஞ்சம் ஒரு தொடக்க அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-ல் எழுதினார். 1951-ல் போப் 12-ஆம் பயஸ், அறிவியலே படைப்புக்குச் சாட்சி சொல்வதுபோல் பேசினார். அது அந்தப் பாதிரியாருக்கே பிடிக்கவில்லை. தன் கோட்பாட்டுக்குச் சான்று வானத்தில்தான் கிடைக்க வேண்டும், வேதத்தில் அல்ல என்று இருந்துவிட்டார். 1965-ல் அப்படி ஒரு சான்றாக, வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்த செய்தி வந்தது, அடுத்த வருஷம் இறந்துபோனார். கடைசிவரை பாதிரியாராகவே இருந்தார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

நான், 8:26
அத்தை, நீங்கள் வேண்டிக்கொள்வதை யாரும் தொடப்போவதில்லை. நானே உங்களை வேண்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்டவள்தான். ஆனால் மாத்திரை தேவையில்லை என்பது மாமாவின் ரத்தக் குழாயைப் பற்றிய பேச்சு. அதில் நாம் சொன்னது தப்பு என்று தெரிய வரும்போது மாமா ஐசியூவில் இருப்பார். எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தை, 8:40
ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நான்கு நாளாக அவருக்குக் கையில் அங்கங்கே கன்றிப்போகிறது. நேற்று ஷேவ் செய்யும்போது லேசாக வெட்டியது, ரத்தம் நிற்க வெகு நேரமானது. மாத்திரையால்தான் என்று அவர் சொன்னார். எனக்குக் கைகால் ஆடிப்போயிற்று. நிறுத்திவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். நம்பிக்கை என்று சொன்னது அதற்கு அப்புறம்தான்.

அக்கா, 8:42
சொன்னது மிகவும் நல்லது அத்தை. அந்த மாத்திரைக்கு இப்படி ஆகக்கூடும். மலம் கருப்பாகப் போகிறதா? ஈறில், மூக்கில் ரத்தம்?

அத்தை, 8:46
கேட்டேன். எதுவும் இல்லை.

அக்கா, 8:49
சரி. இன்று ராத்திரி வழக்கம்போலக் கொடுங்கள். காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்வோம், நானும் லைனில் இருக்கிறேன். மாத்திரையை மாற்றுவதா என்று அவர் பார்த்துச் சொல்வார். ராத்திரியில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, மலம் கருப்பானாலோ காத்திருக்காதீர்கள், உடனே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். எனக்கும் போன் செய்யுங்கள், எந்த நேரமானாலும் சரி. கன்றியது எங்கே, எத்தனை என்று எழுதி வைக்க முடியுமா?

தம்பி, 8:51
அத்தை, காலையில் நான் வந்து கூட இருக்கட்டுமா?

அத்தை, 8:52
வா கண்ணா.

அத்தை, 9:14
மாத்திரை கொடுத்துவிட்டேன். நோட்டில் தேதி போட்டு எழுதினேன். இடது முழங்கைக்குக் கீழே இரண்டு, கட்டைவிரல் நகம் அளவு. வலது மணிக்கட்டில் ஒன்று, மஞ்சளாகி மறைகிறது. அவர் தூங்கிவிட்டார். நான் வேண்டிக்கொண்டு வந்து படுக்கிறேன்.