கறுப்பு, வெள்ளைத் தோழிகளின் கதை ஆரையம்பதிக்கு எதற்கு?

மூன்றாம் தர டீச்சர்: அமெரிக்காவில் ஒரு கறுப்பினச் சிறுமியும் வெள்ளைச் சிறுமியும் தோழிகளாகும் படக்கதையைத் தமிழாக்கி வகுப்பில் வாசிக்கப் போகிறேன். என்ன சொல்கிறீர்கள்?

வாவிக்கரையான்: வேண்டாம் டீச்சர். இங்கே நிறமா பிரச்சினை? இலங்கையின் மட்டக்களப்பில் இந்த ஆரையம்பதியில் தமிழர், பக்கத்துக் காத்தான்குடியில் முஸ்லிம்கள்; எல்லோரும் ஒரே நிறம், ஒரே தமிழ். சீருடையோடு வெள்ளை முக்காட்டைக் கண்டால் 'அந்தப் பள்ளிக்கூடம்' என்று பிள்ளைக்கு விளங்கிவிடும். தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரித்து வைத்திருப்பதே அரசாங்கம்தான். நோன்பு மாதத்தில் அங்கே விடுமுறை, இங்கே வகுப்பு.

மூன்றாம் தர டீச்சர்: தூரத்துக் கதை என்பதால்தான் எடுத்தேன். உள்ளூர்க் கதை என்றால் வீட்டில் கேட்டதையே ஒப்புவிப்பார்கள். நேற்று படங்களை மட்டும் காட்டினேன். வெள்ளையருக்கு ஒரு குடிநீர்க் குழாய், கறுப்பருக்கு இன்னொன்று. "அந்தக் குழாயில் தண்ணீர் வராதா டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். அவனுக்கு வேறு காரணமே தோன்றவில்லை.

காத்தான்குடி நானா: தங்கச்சி, 1990 ஆகஸ்ட் 3 அன்று எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். குண்டு துளைத்த அந்தச் சுவரை எங்கள் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். இரண்டு சிறுமிகள் கைகோத்து நிற்கும் கடைசிப் பக்கத்தை அவர்கள் நம்பவேண்டுமே!

வீரமுனையாள்: நானா, அதே மாதம் 12ஆம் திகதி எங்கள் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளையின் முன் இரண்டையும் வைத்துக் கணக்குத் தீர்க்கவா?

காத்தான்குடி நானா: கணக்குக் கேட்கவில்லை. இனவாரியாகப் பிரித்த அரசாங்கப் பாடசாலைகள் சட்டவிரோதம் என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் 1960இல் நியூ ஓர்லியன்ஸில் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ் காவலர் புடைசூழத்தான் வெள்ளையர் பாடசாலைக்குள் போனாள். பாடசாலைக் கதவைத் திறக்காமல் புத்தகத்தை மட்டும் திறந்து என்ன பயன்?

மூன்றாம் தர டீச்சர்: திறந்தால் உங்கள் மகளை எங்கள் பாடசாலைக்கு அனுப்புவீர்களா?

காத்தான்குடி நானா: மாட்டேன். மார்க்கக் கல்வியும் நோன்பு விடுமுறையும் எங்கள் பாடசாலையில்தான் கிடைக்கும். ஆனால் ஒரு சனிக்கிழமை இரண்டு வகுப்பையும் ஒரே பாயில் இருத்தி நீங்கள் அந்தக் கதையை வாசித்தால், நானே கூட்டி வருவேன்.

வீரமுனையாள்: இதைத்தானே முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

வாவிக்கரையான்: காத்தான்குடி மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம், டீச்சரின் பாடசாலை வேறு வலயம். இரண்டு கந்தோரிலும் அனுமதி வாங்குவதற்குள் பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையே எழுதி முடித்துவிடுவார்கள்.

மூன்றாம் தர டீச்சர்: பாடசாலையில் வைத்தால்தானே அனுமதி? பொது நூலகத்தில் வைக்கிறேன். நானா, பாய் உங்கள் பொறுப்பு.