சைலன்சர் ஜாயிண்டில் கசிவு: கேஸ்கெட் போதுமா?
நண்பர்களே, என் 150 சிசி பைக்கைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பெட்ரோல் எரியும்போது நீராவி வரும், குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகும், சரி. நான் ஓட்டுவதோ மதுரை செல்லூரிலிருந்து சிம்மக்கல் வரைதான். வைகைப் பாலம் தாண்டினால் கடை; ஈரம் காய்வதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறேன்.

இப்போது எஞ்சினிலிருந்து வரும் பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் கரி படிகிறது. எஞ்சின் சூடாகும் முன் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், அங்கேதான் நுரை கொப்பளிக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிச்சத்தம் வேறு.

மெக்கானிக் சைலன்சரைச் செட்டாக மாற்றச் சொல்கிறார். அடியில் துரு இருந்தாலும் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் தகடு கெட்டியாகத்தான் இருக்கிறது. ஜாயிண்டில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கெட்டும் அதை இறுக்கும் கிளாம்பும் மட்டும் மாற்றியவர்கள் யாராவது உண்டா? வெல்டிங் தேவைப்பட்டால் மதுரையில் எந்த ஏரியாவில் நன்றாகச் செய்வார்கள் என்றும் சொல்லுங்கள்.