கண்ணாடிப் பாலத்தில் வைத்துக் கேட்கலாமா? யோசனை சொல்லுங்கள்

குளச்சல் அலை:
நானும் அவளும் இரணியலில் ரயில் ஏறி தினமும் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். பழக்கமானதும் அந்தப் பாசஞ்சரில்தான். எங்கள் விஷயம் இரண்டு வீட்டுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். பெரியவர்கள் பேசுவதற்கு முன்னால் நானே அவளிடம் முறையாகக் கேட்க வேண்டும் என்று ஆசை. கடலுக்குள் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கன்னியாகுமரி கண்ணாடிப் பாலத்தில் நண்பர்கள் ஆளுக்கு ஓர் எழுத்து அட்டையைப் பிடித்து நிற்பார்கள், நான் மோதிரத்தோடு முட்டி போட்டுக் கேட்பேன். இதுதான் திட்டம். வீடியோவுக்கும் ஆள் பேசிவிட்டேன். சூரியன் மறையும் நேரமாக இருந்தால் நல்லது. என்ன சொல்கிறீர்கள்?

வேளிமலை:
தம்பி, நேரமே சரிப்படாது. பாறைக்குப் போகும் படகுக்கு வழக்கமாக மாலை 4 மணியோடு டிக்கெட் முடிந்துவிடும். சூரியன் மறைவது 6 மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான். அதுவும் முனையில் நின்றால், சூரியன் கடலுக்குள் இறங்குவது அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான். காற்று கூடினாலோ கடல்மட்டம் தாழ்ந்தாலோ படகையே நிறுத்திவிடுவார்கள்.

அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள பாலம். விடுமுறை நாளில் முன்னும் பின்னும் ஆள் நெருக்கும். அத்தனை பேர் போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும்போது, "எனக்கு ரெண்டு நாள் வேணும்" என்று அந்தப் பிள்ளையால் சொல்ல முடியுமா? மறுக்க இடமில்லாத இடத்தில் வைத்துக் கேட்பது கேட்பதே இல்லை.

குழித்துறை அக்கா:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் உள்ளறையில் இருந்தேன். வெளியே எத்தனை பவுன், ரொக்கம் எவ்வளவு, ரோட்டோரம் எத்தனை சென்ட் என்று பேச்சு ஓடியது. காபி டம்ளர் வைக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டது. அப்படி வளர்ந்த எங்களுக்கு, ஓர் ஆண் நாலு பேர் பார்க்க முட்டி போட்டு "உனக்குச் சம்மதமா?" என்று கேட்பது சின்ன விஷயமில்லை. தம்பி, நீ செய். ஊர் பார்க்கட்டும்.

பத்மநாபபுரத்தான்:
கன்னியாகுமரியிலா? அம்மனுக்கே கல்யாணம் நின்றுபோன இடம். சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட சிவன் பாதி வழியில் திரும்பியதாகத்தானே கதை. என் அம்மா கேட்டால் வேண்டாம் என்பாள்.

குழித்துறை அக்கா:
அந்தக் கதையை முழுசாகச் சொல்லுங்கள். பாணாசுரனைக் கன்னிப்பெண்தான் கொல்ல முடியும் என்று தேவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். நாரதர் விடியும் முன்பே சேவலாகக் கூவினார், முகூர்த்தம் தப்பிவிட்டதென்று சிவன் திரும்பிவிட்டார். காத்திருந்த அம்மனிடம் யார் கேட்டார்கள்? ஊருக்கு ராசியில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அங்கேயே நின்று அவளிடம் கேட்பதுதான் பொருத்தம்.

தோவாளைப் பிச்சி:
கேட்கத்தான் வேண்டும் அக்கா, ஆனால் அட்டையும் வீடியோவும் யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம். அவளுக்கென்று என்ன இருக்கிறது அதில்? எங்கள் ஊர் மாணிக்க மாலை ஒன்று சொல்லி வைக்கலாம். அரளிப்பூவை மடித்து, பாய் முடைகிற மாதிரி நெருக்கி அடுக்கி, நடுவே நொச்சி இலை வைத்துக் கட்டுவார்கள். கல் பதித்ததுபோல் இருக்கும். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

பத்மநாபபுரத்தான்:
மாலை கல்யாணத்தன்று கழுத்தில் ஏற வேண்டியது. இப்போது வேண்டாம். ரெண்டு முழம் பிச்சிப்பூ கொடு, போதும்.

வேளிமலை:
அக்கா சொன்ன அந்தப் பவுன் பேச்சுக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் அதைத் தொடாமல் இதைப் பேசவே முடியாது. பையன் மோதிரம் நீட்டி, வீடியோ எடுத்து, எல்லோரும் வாழ்த்துச் சொல்லி முடித்த பிறகு பையன் வீட்டார் வருவார்கள். "நாங்க எதுவும் கேக்கல, உங்க பிள்ளைக்கு நீங்க ஆசைப்பட்டதைப் போடுங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பெண்ணின் அப்பா வீட்டை அடகு வைப்பார். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். இன்றும் அந்தப் பேச்சு நின்றபாடில்லை.

தம்பி, முதலில் உன் அம்மாவிடம் உட்கார்ந்து பேசு. "பொன்னும் ரொக்கமும் வாங்க மாட்டோம், வீட்டில் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகும் நீ வேலைக்குப் போகலாம். இப்போ சொல்லு" என்று அவளிடம் கேள். அவள் இரவில் நினைத்துப் பயப்படுவது இதைத்தான், கண்ணாடிப் பாலத்தையா நினைப்பாள்?

தோவாளைப் பிச்சி:
ஐயோ, அந்த நேரத்திலுமா சீதனக் கணக்கு? அந்தப் பத்து நிமிஷமாவது அவர்கள் இருவருக்கும் மட்டும் இருக்கட்டும். வீட்டுப் பேச்சை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

குழித்துறை அக்கா:
இல்லை பிச்சி. இதில் நான் வேளிமலை பக்கம். அந்த வார்த்தையை என்னிடம் ஒருவர் சொல்லியிருந்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருந்திருக்காது. ஆனால் சாட்சி வேண்டும் என்பதில் மாற மாட்டேன். தனியாகச் சொன்னதைப் பின்னால் மறந்துவிட்டேன் என்பார்கள். அவளுடைய தோழிகள் ரெண்டு பேராவது பக்கத்தில் இருக்கட்டும்.

குளச்சல் அலை:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் பவுன் விஷயத்தை இதுவரை நேராகப் பேசவில்லை. இந்த ஞாயிறு பேசுகிறேன், முடிவு தெரியாமல் அவளிடம் போக மாட்டேன். வீடியோ வேண்டாம். மாலை வண்டியில் இரணியலில் இறங்கியதும் கூட்டம் சட்டென்று கலைந்துவிடும். அந்தப் பிளாட்பாரத்தில்தான் முதன்முதலில் பேசினோம். கூடவே வருகிற அவள் தோழி ஒருத்தியிடம் மட்டும் முன்பே சொல்லி வைக்கிறேன். முட்டி மட்டும் போடுவேன், அதை விட மனசில்லை.

வேளிமலை:
அம்மா ஒத்துக்கொள்ளாவிட்டால்?

குளச்சல் அலை:
அதையும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன் அண்ணே. வாங்குவதில்லை என்பது என் முடிவு. அம்மா சம்மதிக்க நாளாகலாம்.

குழித்துறை அக்கா:
அப்படியானால் அவள் நாள் கேட்டால் நீயும் கொடு.

தோவாளைப் பிச்சி:
சரி, பூவை நான் சொல்கிறபடி வாங்கு. விடியற்காலையில் சந்தைக்கு வந்து, விரியாத பிச்சி மொட்டாகக் கட்டச் சொல். வாழை இலையில் பொதிந்து பையில் வைத்துக்கொள், வெயில் படாமல் இருந்தால் மாலையில் விரியும். முகூர்த்த நாளும் ஓணம் நேரமும் வேண்டாம், விலை எங்கேயோ போய்விடும்.