எபிடியூரல் போட்டுக்கலாமா? மாமி வேண்டாம் என்கிறார்

தக்கலைக்காரி
எனக்கு 34 வாரம் ஆகிறது, முதல் பிள்ளை. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டுகிறேன். போன தடவை டாக்டர் "பிரசவ வலி தெரியாம இருக்க முதுகுல போடுற ஊசி, வேணும்னா எபிடியூரல் போட்டுக்கலாம், வீட்டில பேசிட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டில் பேசியதுதான் தப்பு. "நான் மூணு பெத்தேன், ஒரு ஊசியும் போடல, முதுகுல குத்தினா காலம் பூரா நடுவு வலிதான்" என்கிறார் மாமி. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார், போனில் "உனக்கு எது சரியோ அதைச் செய்" என்கிறார், இதெல்லாம் ஒரு பதிலா? எனக்கு வலி என்றால் பயம், ஊசி என்றால் அதைவிடப் பயம். ஊசி போட்டால் கடைசியில் ஆபரேஷன்தான் என்பது நிஜமா? போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோருமே சொல்லுங்கள்.

ரெண்டு பொண்ணுக்கு அம்மா
முதல் பிள்ளைக்குப் போடவில்லை, இரண்டாவதுக்குப் போட்டேன். கட்டிலில் உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகை வளைக்கச் சொல்வார்கள். அந்த நேரம் பார்த்து வலி வந்தாலும் அசையக் கூடாது, பாடு அதுதான். மரத்துப்போக முதலில் ஒரு சின்ன ஊசி, சுருக்கென்றது, அதற்குப் பிறகு அமுக்குவது மட்டும் தெரிந்தது. நூல் மாதிரி ஒரு டியூபை உள்ளே விட்டு, முதுகோடு பிளாஸ்டர் ஒட்டித் தோள்வரை கொண்டுவந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வயிறு இறுகுவது தெரிகிறது, வலியைக் காணோம். ஆனால் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது, இப்படி நடுங்கும் என்று யாரும் சொல்லாததால் என்னமோ ஆகிவிட்டதென்று அழுதுவிட்டேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது வலித்த பிரசவம்தான். ஒரு வயதான சிஸ்டர் பக்கத்திலேயே நின்று நடுவை அமுக்கிவிட்டு, இப்போ இது, அடுத்தது இது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாவதில் தனியாகச் சுவரைப் பார்த்துக் கிடந்தேன். வாக்குவம் (பிள்ளையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கிற கருவி) போட்டு எடுக்கப்போகிறார்கள் என்பதே அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை வைத்துத்தான் தெரிந்தது.

லேபர் ரூம் சிஸ்டர்
மேலே அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு, வலி தாங்கினால்தான் நிறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வலியில் துடித்து, இனி பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிரசவம் பெண்களுக்கு நிறைவாக அமைவது எதனால் என்பதுபற்றி ஹாட்நெட் என்ற ஆய்வாளர் 2002-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார். என்ன எதிர்பார்த்துப் போனார்கள், கூட யாராவது நின்றார்களா, பார்த்துக்கொண்டவர்கள் எப்படி நடந்தார்கள், முடிவெடுக்கும்போது இவர்களையும் கேட்டார்களா, இந்த நாலும்தான் வலி எவ்வளவு இருந்தது என்பதைவிடப் பெரிதாக நின்றதாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எபிடியூரலால் சிசேரியன் கூடியதாக 2018-ல் வந்த காக்ரேன் தொகுப்பில் (பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிக்கை) இல்லை, நாள்பட்ட முதுகுவலியும் கூடவில்லை. (ஊசியே போடாதவர்களுக்கும் நடுவு வலிக்கத்தான் செய்கிறது, பிள்ளையை இடுப்பில் வைத்துத் திரிந்தால் வலிக்காதா?) சிசேரியனுக்குப் போடுகிற ஸ்பைனல் வேறு, அது ஒரே குத்து. ஊரில் இரண்டையும் சேர்த்து முதுகு ஊசி என்று சொல்லிவிடுகிறார்கள், குழப்பமே அங்கேதான். அதற்காக இது சும்மா ஊசியும் இல்லை. முக்குகிற நேரம் நீளும். பிரஷர் இறங்கும், அதனால் அடிக்கடி பார்ப்போம். சிறுநீர் வருவது தெரியாமல் டியூப் வைக்க வேண்டிவரும். நூற்றில் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம், உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். பிளேட்லெட் குறைவு என்றாலோ ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

முக்கியமாக, ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் இந்த ஊசியைப் போடுகிற மயக்க டாக்டர் இருப்பாரா என்று கேளுங்கள். கிடைக்கும் என்று நம்பிப் போய்க் கிடைக்காமல் தவிப்பது மாதிரிக் கொடுமை இல்லை.

குளச்சல் மைனி
மக்ளே, ஊசி உன் இஷ்டம். ஆனா தனியா மட்டும் போகாத. நம்ம கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில 2004-லயே கூட ஒரு பெண் துணைக்கு நிற்கலாம்னு கொண்டுவந்துட்டாவ. என் மகளுக்கு நான்தான் உள்ள நின்னேன், நான் ஒண்ணும் பெருசா செய்யல, சீரக வெள்ளம் குடுத்தேன், கையைப் பிடிச்சேன், அவ நகம் பதிஞ்ச தடம் ஒரு வாரம் இருந்தது. தனியார்ல விடுவாவளான்னு இப்பவே கேளு.

தக்கலைக்காரி
எல்லோருக்கும் நன்றி. இன்று போய்க் கேட்டேன். மயக்க டாக்டர் வெளியிலிருந்துதான் வருவாராம், ராத்திரி என்றால் ஒரு மணி நேரம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமாம். அதனால் இப்போதே முடிவு செய்யவில்லை, தாங்க முடிகிற வரை பார்த்துவிட்டுக் கேட்கிறேன் என்று சொல்லி, அதைச் சீட்டிலும் எழுத வைத்துவிட்டேன். மாமியிடம் உங்கள் மூன்று பிரசவமும் எப்படி என்று கேட்டதற்கு வலியைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை, மூத்தவரைப் பெற்றபோது ஒரு நர்ஸ் தலைமுடியை அள்ளிக் கட்டிவிட்டதை மட்டும் அரை மணி நேரம் சொன்னார்.

கூட ஒருவரைத்தான் விடுவார்களாம். அம்மாவா மாமியா என்று இப்போது வீட்டில் புது வழக்கு.