உப்பங்கழியில் விழுந்த ஒலிப்பதிவுக் கருவி: உள்ளிருக்கும் பாட்டுகளை மீட்க முடியுமா?

கேள்வி: பள்ளி ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலிருந்து படகில் திரும்பும்போது, என் கையிலிருந்த சிறிய ஒலிப்பதிவுக் கருவி கழிக்குள் விழுந்துவிட்டது. இடுப்பளவு ஆழம்தான் என்பதால் படகோட்டும் அண்ணன் உடனே இறங்கித் தேடினார். ஆனாலும் சேற்றிலிருந்து அதை எடுத்துக் கொடுக்க மூன்று நான்கு நிமிடங்கள் ஆகிவிட்டன. விழுந்த நேரத்தில் அது பதிவு செய்துகொண்டிருந்தது. கைக்கு வந்தபோது திரை மங்கலாக எரிந்துகொண்டிருந்ததால், பதறிப்போய்ப் பின்மூடியைத் திறந்து இரண்டு பேட்டரிகளையும் கழற்றிவிட்டேன். அதன்பிறகு ஒருமுறைகூட இயக்கிப் பார்க்கவில்லை. நன்றாகத் துடைத்து, இரவு முழுவதும் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். இன்று காலை பார்த்தால், பேட்டரி அமரும் இடத்திலுள்ள சுருள்கம்பியின் மேல் வெள்ளையும் பச்சையுமாக ஏதோ பூத்திருக்கிறது.

கருவி போனால் போகட்டும். எங்கள் பக்கத்தில் நடவுக்குப் போன மூதாட்டிகளிடம் இரண்டு மாதமாகப் பதிவு செய்த நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும், மொத்தம் பதினான்கு கோப்புகள், அதன் உள்நினைவகத்தில்தான் இருக்கின்றன. கணினிக்கு மாற்றுவதை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பாடியவர்களில் ஒருவர் சென்ற மாதம் காலமாகிவிட்டார். அவருடைய குரல் வேறெங்கும் இல்லை. இன்னும் எத்தனை நாள் அரிசியில் வைக்க வேண்டும்? யூஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்துக் கோப்புகளை மட்டும் எடுத்துவிட முடியுமா?

பதில் 1: செல்பேசி பழுதுபார்ப்பவர், கும்பகோணம்

அம்மா, கருவியை இப்போதே அரிசியிலிருந்து வெளியே எடுங்கள். கணினியில் இணைக்கவே இணைக்காதீர்கள். யூஎஸ்பி துளை வழியாக 5 வோல்ட் உள்ளே போகும் என்பதால், பேட்டரி இல்லாவிட்டாலும் அதுவே கருவியைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் மட்டும் கருவிக்குள் இருக்கும் மின்பலகையை (சர்க்யூட் போர்டு) இவ்வளவு விரைவில் அழிப்பதில்லை. தண்ணீரில் கரைந்த உப்பும், பலகையில் ஓடும் மின்சாரமும் சேரும்போதுதான் அழிவு தொடங்குகிறது. மின்னழுத்தம் உள்ள இரண்டு செம்புத் தடங்களுக்கு இடையே உப்புநீர் நின்றால், ஒரு தடத்திலிருந்து செம்பு கரைந்து மற்றொன்றை நோக்கி நகரும். தடம் அறுந்து போகலாம், அல்லது நகர்ந்த செம்பே இரண்டுக்கும் பாலமாகி ஷார்ட் ஆகலாம். நீங்கள் பார்த்த பச்சை, செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே களிம்புதான். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. கழிநீரிலும் உப்புக்குக் குறைவிராது. நீங்கள் பேட்டரியை உடனே கழற்றியது இந்த வேலையைப் பெருமளவு நிறுத்தியிருக்கும். என்னிடம் வருபவர்களில் பலர் ‘வேலை செய்கிறதா’ என்று நான்கைந்து முறை இயக்கிப் பார்த்த பிறகே கொண்டுவருகிறார்கள். அந்த இயக்கத்தில்தான் பெரும்பாலான பலகைகள் போகின்றன.

ஈரம் காய்ந்தாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும். அடுப்பங்கரை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதுபோல, பலகையில் படிந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து மீண்டும் மீண்டும் கசியும். ஆகவே உங்கள் கருவிக்கு இப்போது வேண்டியது உலர்த்தல் அல்ல, கழுவல். நனைந்த பொருளை மறுபடியும் நனைப்பதா என்று மனம் தயங்கும். ஆனால் உப்பை வெளியேற்ற அதைவிட்டால் வழியில்லை.

மெல்லிய ஸ்டார் அல்லது பிளஸ் திருப்புளியால் உறையைத் திறந்து, ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்பும் செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் ஒட்டுத்தாளுக்கு அடியிலும் ஒரு திருகு ஒளிந்திருக்கும். நாடா போன்ற தட்டைக் கம்பியை இழுக்காதீர்கள். அதன் பூட்டை நகத்தால் மெல்லத் தூக்கினால் தானாகக் கழன்று வரும். திரை, ஒலிபெருக்கி, மைக் ஆகியவை நனையக் கூடாது என்பதால் அவற்றைத் தனியே பிரித்துவிட்டு, பலகையை மட்டும் இன்வெர்ட்டருக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். கடையில் கேட்கும்போது ஆசிட் அல்ல, தண்ணீர் என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, தண்ணீரை மாற்றி இன்னும் இருமுறை அலசுங்கள். பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் முக்கித் துலக்குங்கள். அது தண்ணீரோடு கலந்து அதை இழுத்துக்கொண்டு ஆவியாகிவிடும். கிருமிநாசினி வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் உண்டு. தின்னர் வேண்டாம், அது பிளாஸ்டிக்கை உருக்கும். அடுப்போ விளக்கோ எரியும் அறையில் இதைச் செய்யாதீர்கள்.

யூஎஸ்பி துளையின் பின்புறத்தையும், தகர மூடி போட்ட சிப்புகளின் ஓரத்தையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கடுகளவு துளி அங்கே ஒளிந்துகொண்டு, மற்ற இடமெல்லாம் காய்ந்த பின்னும் போகாமல் நிற்கும். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். தலைமுடி உலர்த்தும் கருவியின் சூடு வேண்டாம். திறக்கத் துணிவு வராவிட்டால், பழகிய கடையில் கொடுத்து, ‘முதலில் கழுவுங்கள், அதற்கு முன் மின்சாரம் கொடுக்காதீர்கள்’ என்று சொல்லுங்கள்.

பதில் 2: அலுவலக ஊழியர், சேலம்

மேலே சொன்னதை மறுக்க எனக்குத் தொழில்நுட்ப அறிவு இல்லை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு முன் குளியலறை வாளியில் விழுந்த என் செல்பேசி, இரண்டு நாள் அரிசியில் வைத்த பிறகு நன்றாகவே வேலை செய்தது. இன்றுவரை அதைத்தான் பயன்படுத்துகிறேன். அப்படியிருக்க, அரிசி ஏன் கூடாது?

பதில் 3: பதில் 1 எழுதியவர்

ஐயா, உங்கள் செல்பேசி பிழைத்தது உண்மை. அது விழுந்தது நல்ல தண்ணீரில். அதைவிட முக்கியமாக, இரண்டு நாள் அதை யாரும் இயக்கவில்லை. மேசைமேல் வெறுமனே வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம். மூடிய உறைக்குள் இருக்கும் ஈரத்தை வெளியிலுள்ள அரிசி பெரிதாக இழுப்பதில்லை. அதன் தவிட்டுத் தூள்தான் துளைகளுக்குள் போய் ஈரத்தோடு சேர்ந்து பசையாகிறது. ஆப்பிள் நிறுவனமே ஐபோனை அரிசியில் வைக்க வேண்டாம் என்று தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருப்பது 2024இல் செய்தியானது. உப்புநீர் விஷயத்தில் அரிசியால் வரும் பெரிய கேடு, கழுவ வேண்டிய நேரம் அதில் கழிந்துவிடுவதுதான்.

பதில் 4: ஒலிப்பொறியாளர், சென்னை

கருவி உயிர்பெற்றால், விழும்போது ஓடிக்கொண்டிருந்த பதிவைப் பற்றி ஒரு செய்தி. வேவ் வடிவத்தில் பதியும் கருவிகள், பதிவை நிறுத்தும்போதுதான் கோப்பின் நீளத்தை அதன் தொடக்கத்திலுள்ள தலைப்புப் பகுதியில் (ஹெடர்) முழுமையாக எழுதும். மின்சாரம் திடீரென நின்றால் கோப்பு வெறுமையாகவோ திறக்க முடியாததாகவோ தெரியலாம். ஒலி பெரும்பாலும் நினைவகத்திலேயே இருக்கும். கணினியோ கருவியோ ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள். அந்தக் கருவியில் புதிதாக எதையும் பதியாதீர்கள். முதலில் உள்நினைவகம் முழுவதையும் உள்ளது உள்ளபடியே ஒரே படக்கோப்பாக (டிஸ்க் இமேஜ்) நகலெடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அதை ‘ரா டேட்டா’வாக (வடிவம் குறிக்கப்படாத வெறும் தரவு) இறக்கி, 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று கொடுத்துப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே குரல் கேட்கத் தொடங்கும். குரல் கீச்சென்றோ இழுவையாகவோ வந்தால், உங்கள் கருவி பதியும் அளவு வேறு. 44,100 என்ற எண்ணை மாற்றிப் பாருங்கள்.

கேட்டவரின் பதில், ஆறு நாள் கழித்து

அனைவருக்கும் நன்றி. எனக்குக் கை நடுங்கியதால், பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் திறந்து கழுவிக் கொடுத்தான். முதல் அலசலில் தண்ணீர் சாம்பல் நிறமாக, கழிச்சேற்று வாடையுடன் வந்தது, மூன்றாவதில்தான் தெளிந்தது. சுருள்கம்பியின் களிம்பைத் துலக்கியதும் அதன் ஒரு முனை ஒடிந்துவிட்டது. வேறொரு பழைய கருவியின் கம்பியைச் சால்டர் செய்து பொருத்தினான். மூன்று நாள் மின்விசிறியின் கீழ் வைத்து, பேட்டரி முனைகளுக்கு இடையே ஷார்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் உறுதி செய்த பிறகே புதிய பேட்டரி போட்டோம்.

திரையில் பாதி எழுத்துகள் தெரியவில்லை. இடப்பக்க மைக்கும் வேலை செய்யவில்லை. கணினி அதை ஏற்றுக்கொண்டது. பதினான்கு கோப்புகளும் முழுமையாக வந்துவிட்டன. இரண்டு இடங்களில் நகல் வைத்திருக்கிறேன். காலமான பாட்டியின் பதிவைத்தான் முதலில் திறந்தேன். பாடத் தொடங்கும் முன் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ‘இப்பப் பாடவா தாயி?’ என்று கேட்பதும் அப்படியே இருந்தது. படகில் ஓடிய பதிவு மட்டும் வெறுமையாகத் தெரிகிறது. உள்நினைவகத்தின் படக்கோப்பை எடுத்துவிட்டோம், இன்று இரவு ஆடாசிட்டியில் திறந்து பார்க்கப் போகிறோம்.