கிழக்கே கடல் இருக்க, இடிமழை மேற்கிலிருந்து வருவது ஏன்?

கேள்வி (பூந்தமல்லி வாசகர்):
ஆடி, ஆவணி மாதங்களில் பூந்தமல்லியில் முற்பகல் முழுவதும் வறண்ட மேற்குக் காற்று வீசுகிறது. பிற்பகல் 2 அல்லது 3 மணிவாக்கில் கடற்காற்று நுழைந்ததும் மொட்டைமாடிக் கொடியில் கிழக்கு நோக்கிப் படபடத்த துணிகள் மேற்கே திரும்புகின்றன. உடம்பு பிசுபிசுக்கத் தொடங்குகிறது. மாலையில் அரக்கோணம் பக்கம் வானம் கறுத்து, இரவு 8 மணிக்கு மேல் இடியுடன் மழை கொட்டுகிறது. கடற்காற்றுதான் இந்த மழையைத் தூண்டுகிறது என்றால், அது கடல் பக்கமிருந்து வராமல் மேற்கிலிருந்து வருவது எப்படி? திருவான்மியூரில் இருக்கும் என் தங்கை வீட்டில் அதே இரவுகளில் பல முறை தூறல்கூட விழுவதில்லையே, அது ஏன்?

மறுமொழி (காற்றுத்திசை):
ஐயா, கடற்காற்று மழையைச் சுமந்து வருவதில்லை. மேகம் எழும்பத் தேவையான முதல் தூக்கலைத்தான் அது தருகிறது. வெயிலில் கடலைவிடத் தரை விரைவாகச் சூடாவதால் நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி அழுத்தம் குறைகிறது. கடல்மேல் இருக்கும் குளிர்ந்த, ஈரம் நிறைந்த காற்று உள்ளே பாய்கிறது. பெரும்பாலும் 1 கி.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும் இந்தக் காற்று, எதிரே வரும் மேற்குக் காற்றைச் சந்திக்கும் இடத்தில், கரைக்கு ஏறத்தாழ இணையாக ஓர் எல்லைக்கோடு உருவாகிறது. அதையே கடற்காற்று முகப்பு என்கிறோம். கனமான கடற்காற்று ஆப்பு போல அடியில் புகுந்து முன்னால் இருக்கும் வெப்பக் காற்றை மேலே தள்ளுகிறது. ஈரம் குளிர்ந்து துளிகளாகும்போது வெளிப்படும் வெப்பம் மேகத்தை மேலும் உயர்த்துகிறது. வளிமண்டலத்தின் நடு அடுக்குகளிலும் ஈரம் இருக்கும் நாள்களில்தான் அது முழு இடிமேகமாக வளர்கிறது. அங்கே வறட்சி நிலவினால், முகப்பு எவ்வளவு வலுவாக வந்தாலும், பஞ்சுப்பொதி மேகங்களோடு கதை முடிந்துவிடும்.

முகப்பு சில நாள்களில் மாலைக்குள் காஞ்சிபுரம், அரக்கோணம் வரை உள்ளே சென்றுவிடும். ஆனால் அங்கே எழும் மேகத்தின் பெரும்பகுதி கடற்காற்று அடுக்குக்கு மிக உயரே இருக்கிறது. அதை நகர்த்துவது 3 முதல் 6 கி.மீ. உயரத்தில் வீசும் பருவகால மேற்குக் காற்று. ஆகவே, தரைக்காற்றுக்கு எதிர்த்திசையில் மேகம் கடலை நோக்கி வருகிறது. இன்னும் மேலே, சுமார் 14 கி.மீ. உயரத்தில், இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம் 1958-இல் விவரித்த கீழை ஜெட் காற்றோட்டம் என்னும் அதிவேகக் காற்று கிழக்கிலிருந்து வீசுகிறது. மேகம் நம்மை நெருங்கி வரும்போதே அதன் உச்சியிலுள்ள வெண்படலம் வேலூர்ப் பக்கமாகப் பின்னுக்கு இழுபடுவது இதனால்தான். மூன்று அடுக்குக் காற்றை ஒரே மேகத்தில் காணக் கிடைக்கும் இந்தக் காட்சியை அந்தி வெளிச்சத்தில் தவறவிடாதீர்கள்.

மறுமொழி (எண்ணூர் நேயர்):
தங்கை வீட்டுக்கு மழை எட்டாததற்கும் அதே கடற்காற்றே காரணம். கடலோரத்தை அது நண்பகலிலேயே குளிரச் செய்துவிடுவதால், மேற்கிலிருந்து வரும் இடிமேகத்துக்குத் தரையருகே சூடான காற்று கிடைப்பதில்லை; பல மேகங்கள் நகரத்தின் மேற்கு விளிம்பிலேயே தளர்ந்துவிடுகின்றன. விதிவிலக்கும் உண்டு. மழையோடு கீழிறங்கும் குளிர்காற்று மேகத்தை முந்திக்கொண்டு ஓடி, கரையோர ஈரக்காற்றை வலுவாகத் தூக்கினால் புதிய இடிமேகம் கடலோரத்திலேயே முளைக்கும். மேற்குக் காற்று பலமாக இருந்து கடற்காற்று உள்ளே போக முடியாமல் தாமதிக்கும் நாள்களில், முகப்பு சென்னைக்கு மேலேயே நின்றுவிடுவதும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை பெறும் 40 செ.மீ.க்கு மேற்பட்ட மழையில் பெரும்பங்கு இத்தகைய மாலை, இரவு இடிமழைதான் என்பதால், இதைச் சில்லறை மழை என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

மறுமொழி (வரைபடப் பிரியன்):
கரையின் வடிவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடலுக்குள் துருத்தி நிற்கும் நிலத்தில் இரு பக்கக் கடற்காற்றும் குவியும். உள்வளைந்த விரிகுடாவில் அது விரிந்து பலம் குறையும். ஃபுளோரிடா தீபகற்பத்தில் அட்லாண்டிக் காற்றும் மெக்சிகோ வளைகுடாக் காற்றும் நடுவில் மோதுவதால், கோடைப் பிற்பகல்களில் அங்கே இடிமழை அன்றாட நிகழ்ச்சியாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கு வடக்கே உள்ள திவி தீவுகளில் இப்படி எழும் இடிமேகத்துக்கு ‘ஹெக்டர்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். சென்னைக் கரை ஏறத்தாழ நேராக இருப்பதால் நமக்கு அந்த இரட்டை மோதல் இல்லை. எதிர்வரும் மேற்குக் காற்றே அந்த வேலையைச் செய்கிறது.

மறுமொழி (காற்றுத்திசை):
சென்னை ரேடார் படத்தில் பிற்பகலில் கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு உள்நோக்கி நகர்வதைக் காணலாம். முகப்பில் திரளும் பூச்சிகளும் தூசியும்கூட அதைக் காட்டிக்கொடுக்கின்றன. அந்தக் கோட்டின் மேல் முதல் மழைப்புள்ளிகள் எங்கே தோன்றுகின்றன என்று பாருங்கள். அரக்கோணம் அருகே என்றால், அது தளராமல் வரும் நாளில் பூந்தமல்லியை அடைய இரண்டு மணி நேரத்தை ஒட்டிப் பிடிக்கும்.